போன தடவை வந்த அம்மா

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையை நான் இங்கிட்டு எடுத்துக்கிடுதேன். நீங்க தமிழ்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். சாப்பாட்டு ஹால்ல உங்க வீட்டுக்காரர் 'இஞ்ச வாரும்'னு உங்களைக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. யாழ்ப்பாணம்தானே? இப்ப பாரிசா? சரி சரி. அன்னைக்கே வந்து பேசியிருப்பேன். பேசுத நிலைமையில நான் இல்ல. இந்த ஏழு நாளும் நான் கடலைப் பாத்ததை விட மனுசங்க மூஞ்சியைப் பாத்ததுதான் அதிகம்.

உங்க பெட்டிக்கு என்ன கலர் பட்டி ஒட்டியிருக்காங்க? பச்சையா. எங்களுக்கு ஊதா. ஊதாவைக் கப்பல்ல இருந்து கடைசியிலதான் இறக்குவாங்களாம். எப்படியும் ஒரு மணி நேரம் இந்த ஹால்ல உக்காந்துதான் ஆகணும். இவுக காபி வாங்கப் போயிருக்காக. அந்தா நிக்காக பாருங்க, சாம்பக் கலர் சட்டை, முன் வழுக்கை. பாத்தா எப்படித் தெரியுது? சாதுவாத் தெரியுதா? எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. முப்பத்தாறு வருசமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

கப்பல்ல இவுகளை மிஸ்டர் காந்தினு கூப்பிடுதாங்க. முழுப் பேரு காந்திமதிநாதன். நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் அந்நிய தேசம்தானே. வெள்ளைக்காரங்களுக்கு வாயில நுழையாம பாதியில நறுக்கிட்டாங்க. காந்தியாம். இவுக எங்கிட்டச் சொன்ன பொய்யை எல்லாம் வரிசையாச் சொல்லுதேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

எனக்கு ஊரு திருநெல்வேலி டவுன். பேரு ஆவுடை. இவுக மின்சார வாரியத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவுக. ஒரு மகன், மெட்ராஸ்ல. ஒரு மக, சுபா, ஜெர்மனியில. ரெண்டு வருசத்துக்கு முன்னால மருமகளுக்குப் பிரசவம்னு நான் மெட்ராஸ்ல மூணு மாசம் கிடந்தேன். அந்த நேரம் பாத்து இவுக மகளைப் பாக்கப் போறேன்னு ஜெர்மனிக்குப் போனாக. போன இடத்துல சுபா ஒரு கப்பல் டிக்கெட் எடுத்துக் குடுத்தா, இதே கப்பல், ஏழு நாள் சுத்திட்டு வந்தேன்னாக. தனியாவான்னு கேட்டேன். தனியாத்தான்னாக. போரடிக்கலையான்னேன். கடலைப் பாத்துக்கிட்டிருந்தேன்னாக. நானும் நம்பிட்டேன். நான் சாதாரணமா யாரையும் நம்புதவ இல்ல பாத்துக்கிடுங்க, அன்னைக்குப் பேரப் பிள்ளை பிறந்த சந்தோசத்துல கோட்டை விட்டுட்டேன்.

இந்த வருசம் கப்பல் கம்பெனியில இருந்து கடிதாசி வருது. ஏற்கெனவே ஒரு தடவை வந்தவங்களுக்குன்னே தனியா ஒரு பயணமாம். பழைய ஆளுகளை மறுபடி கூப்பிட்டு உபசாரம் பண்ணுவாங்களாம், கூட ஒருத்தரைக் கூட்டிட்டும் வரலாமாம். நம்ம ஊர்ல மறுவீடு கூப்பிடுத மாதிரி வச்சுக்கிடுங்க. சுபா உடனே, அம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பான்னு டிக்கெட் போட்டுட்டா. இவுக மூணு தடவை சொன்னாக, இந்தக் கப்பல் வேண்டாம், வேற கப்பல் பாப்போமேன்னு. ஏன் வேண்டாம்ங்காகன்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

இத்தாலியில ஜெனோவாவுல ஏறினோம்லா, அன்னைக்கே ஆரம்பிச்சுது. வாசல்ல நின்ன பிள்ளைக எல்லாம் இவுகளுக்குத் தங்கக் கலர்ல ஒரு அட்டையைக் கழுத்துல மாட்டி, வெல்கம் பேக் மிஸ்டர் காந்தினு கையைப் பிடிச்சுக் குலுக்குதாங்க. எனக்கு நீலக் கலர் அட்டை. புதுசா வந்தவங்களுக்கு நீலம். சரி, அது முறை. ரூமுக்குப் போனோம். ரூமைப் பாத்துக்கிடுத பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன், ரேமண்ட்னு பேரு, வாய் நிறையச் சிரிப்போட வந்து இவுககிட்டக் கேக்கான்: 'மேடத்தோட முழங்கால் வலி இப்ப தேவலையா சார்?' கேட்டுட்டு என்னைப் பாத்தான். என் காலைப் பாத்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

எனக்கு இங்கிலீஷ் நல்லாவே புரியும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. எனக்கு முழங்கால் வலி கிடையாது. சுகர் உண்டு, கொஞ்சம் பிரஷர் உண்டு. முழங்கால் வலி வந்ததே இல்ல. இவுக, ஆமா ஆமா தேவலைன்னு சொல்லிட்டு சூட்கேஸைத் திறந்து மூடிக்கிட்டிருக்காக.

அவன் போனதும் கேட்டேன். எந்த மேடத்துக்கு முழங்கால் வலின்னேன். ஆயிரம் பேரு வாராங்க, ஆள் மாத்திக் கேட்டிருப்பான்னாக. சரி, இருக்கும். அப்புறம்தான் கட்டிலைப் பாக்கேன். ரெண்டு கட்டிலு. தனித்தனியா, நடுவுல சின்ன மேசை. சுபா ஒரே கட்டில்தானம்மா போட்டிருக்கேன்னு சொல்லியிருந்தா. மறுநாள் ரேமண்டைப் பிடிச்சுக் கேட்டேன், ஏம்ப்பா இப்படின்னு. 'போன தடவை சார் இப்படித்தான் வேணும்னாங்க, கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சிருக்கோம், மேடம்'ங்கான். ஒரு தடவை வந்தவங்களுக்கு என்னென்ன பிடிக்கும்னு எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்களாம். மறுபடி வந்தா கேக்காமலே செய்யணுமாம், அதுதான் மரியாதையாம்.

தனியா வந்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு கட்டிலு? நீங்களே சொல்லுங்க.

நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியுது. ரெண்டு கட்டிலுன்னா தப்பா ஒண்ணும் இருக்காதுன்னுதானே? நானும் அப்படி யோசிச்சேன், அஞ்சு நிமிசம். அப்புறம் தோணிச்சு, இவுக இன்ஜினியர். எதையும் ப்ளான் போட்டுத்தான் செய்வாக. கம்ப்யூட்டர்ல பதியும்னு தெரிஞ்சே ரெண்டு கட்டில் கேட்டிருப்பாக. நாளைக்கு யாரும் விரலை நீட்டிப் பேசக் கூடாதுல்லா.

சாப்பாட்டு ஹாலுக்குப் போனா அங்க வேற மாதிரி. எங்க மேசைக்குப் பரிமாறுத பையன்... பையன் என்ன, நாப்பது வயசு இருக்கும்... அவன் நம்ம நாட்டு ஆளு. சேவியர்னு பேரு, நாகர்கோவில் பக்கம் முட்டம். தமிழ் முகத்தைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. ஆனா அவன் என்ன செஞ்சான்? நான் வாயைத் திறக்கதுக்கு முன்னால ஒரு பிளாஸ்க்ல வெந்நீ கொண்டாந்து என் பக்கத்துல வைக்கான். வெங்காயம் பூண்டு போடாத பருப்புக் குழம்பு ஒரு கிண்ணம். கடைசியில தயிர்ச் சோறு. 'அம்மாவுக்குன்னு சொல்லி வச்சிருந்தேன்'ங்கான். நான் வெங்காயம் இல்லாம ஒரு வாய் திங்காதவ. வெந்நீ குடிச்சா எனக்கு வயித்தைப் புரட்டும். அத்தனையும் வேற ஒருத்தியோட ருசி. அவ ருசியை என் முன்னால வச்சு, சாப்பிடுங்கம்மாங்கான்.

சாப்பிட்டேன். என்ன செய்ய, அவ்வளவு பேரு நடுவுல. இவுக தலையை நிமித்தவே இல்ல, அந்தத் தயிர்ச் சோத்தையே பாத்துக்கிட்டிருந்தாக.

அதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு. நேப்பிள்ஸ்ல இறங்கினோம், எரிமலை காட்டினாங்க, எனக்கு ஒண்ணும் மனசுல நிக்கல. இவுக எந்தப் பக்கம் திரும்புதாக, யாரைப் பாத்துச் சிரிக்காக, அதுதான் என் வேலையாப் போச்சு. தினம் சாயந்தரம் நாலு மணி ஆனா காத்து வாங்கிட்டு வாரேன்னு போனைத் தூக்கிக்கிட்டு மேல் தளத்துக்குப் போயிருவாக. மூணாம் நாள் பின்னாலயே போனேன். நீச்சல் குளத்துப் பக்கம் துண்டு அடுக்கி வச்சிருப்பாங்கள்லா, அதுக்குப் பின்னால நின்னு கேட்டேன். காத்து இரைச்சல்ல பாதிதான் கேட்டுச்சு. 'சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? கதவை நல்லாத் தாப்பாப் போட்டுக்கோ. நான் வந்து பாத்துக்கிடுதேன்.'

நான் வந்து பாத்துக்கிடுதேன்னு எங்கிட்ட இவுக ஒரு நாள் சொன்னது இல்ல. எனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் நடந்தப்பக் கூட, டாக்டர் பாத்துக்கிடுவாருன்னுதான் சொன்னாக.

சுபாவுக்குப் போன் போட்டேன். உங்க அப்பா போன தடவை யாரோட வந்தாகன்னேன். 'அம்மா, அதை அப்பாகிட்டயே கேளுங்களேன்'ங்கா. பாத்தீங்களா, பெத்த மகளும் அந்தப் பக்கம். அவளுக்கும் தெரியும், ரேமண்டுக்குத் தெரியும், சேவியருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மால்டாவுல கப்பல் நின்ன அன்னைக்கு இவுக மத்தியானம் அசந்து தூங்கினாக. நான் மேல போய் சேவியரைப் பிடிச்சேன். ஏம்ப்பா, உங்க அம்மாவை நினைச்சுக்கிட்டு ஒரு உண்மையைச் சொல்லு, போன தடவை இவுககூட வந்தது யாருன்னேன். அவன் மேசையைத் துடைச்சுக்கிட்டே இருக்கான். துடைச்ச இடத்தையே துடைக்கான். 'அம்மா, எங்க வேலையில எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிடணும், எதையும் பேசக் கூடாது. பேசினா அடுத்த கப்பல்ல எனக்கு இடம் இருக்காது'ன்னான். வயசு எவ்வளவு இருக்கும், அதையாவது சொல்லுன்னேன். சொல்லல. போகப் போனவன் திரும்பி நின்னு, 'ரொம்ப நல்ல மாதிரிம்மா அவங்க. போகும்போது எங்க எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டுட்டுப் போனாங்க'ன்னான்.

திருநீறு. அப்ப நம்ம ஊர்க்காரிதான். பக்தி வேசம் போடுதவ. அந்த நிமிசத்துல இருந்து நான் எங்க தெரு, இவுக ஆபீஸ், கோயில்னு ஒவ்வொரு பொம்பளையா மனசுல நிறுத்திப் பாத்துட்டேன். ஆபீஸ்ல டைப்பிஸ்ட் ஒருத்தி இருந்தா, முழங்கால் வலிக்காரி. அவதான்னு முடிவே பண்ணிட்டேன். பாவம், அவ செத்து மூணு வருசம் ஆச்சுன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

இருங்க, இவுக வாராகளா? இல்ல. வரிசை நகரவே இல்ல போல.

ஆறாம் நாள் சாயந்தரம் அந்த விருந்து. திரும்பி வந்தவங்களுக்கான விருந்து. நீங்களும் இருந்தீங்கள்லா, தியேட்டர்ல? கேப்டன் வந்து எல்லாருக்கும் கை குடுத்தார். பதினாலு தடவை வந்த கிழவிக்கு மாலை போட்டாங்க. அப்புறம் விளக்கை அணைச்சுட்டு, பழைய பயணத்துல எடுத்த போட்டோவை எல்லாம் திரையில காட்டினாங்க. ஊருக்கு ஊரு இறங்கையில கப்பல்காரங்க டால்பின் வேசம், கடற்கொள்ளைக்காரன் வேசம் எல்லாம் போட்டு நம்மகூட நின்னு போட்டோ எடுப்பாங்கள்லா, அந்தப் போட்டோ. ஆளுக கை தட்டுதாங்க, சிரிக்காங்க. இவுக எங்கையைப் பிடிச்சு, ஆவுடை, ரூமுக்குப் போவோமான்னாக. நான் கையை உதறிட்டு உக்காந்திருந்தேன்.

வந்துச்சு. இந்தப் பக்கம் இவுக, நடுவுல பெரிய டால்பின், அந்தப் பக்கம் ஒரு பொம்பளை. வெளிர் சேலை, அதுக்கு மேல இவுக கம்பளிச் சட்டை, கையில ஊன்று கம்பு. டால்பின் தோள்ல தலையைச் சாய்ச்சு, வாயைத் திறந்து பல்லு பூராத் தெரியச் சிரிக்கா. எனக்கு ஆளே தெரியல. யாரு இந்தக் கிழவின்னு நினைச்சேன். அப்புறம் நெத்தியைப் பாத்தேன், திருநீறைப் பாத்தேன்.

பிரமு மதினி. இவுக கூடப் பிறந்த அக்கா.

தெரியாம என்ன செய்யும், இருபத்தேழு வருசம் ஒரே அடுப்படியில நின்னிருக்கோம். ஆனா அவுக அப்படிச் சிரிச்சு நான் பாத்தது இல்ல. ஒரு நாள் பாத்தது இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், அதனாலதான் எனக்கு ஆளு தெரியல.

மதினி கதையைச் சொல்லணும் உங்களுக்கு. அவுக வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல ரேடியோ ஆபீசர். நான் கல்யாணம் ஆகி வாரதுக்கு ரெண்டு வருசம் முன்னால கப்பல்லயே நெஞ்சு வலி வந்து செத்துப் போனார். அந்தக் காலத்துல உடம்பைக் கொண்டு வர முடியல, கடல்லயே இறக்கிட்டாங்க. பிள்ளை குட்டி கிடையாது. மதினி தம்பி வீட்டுக்கு வந்துட்டாக. அன்னையில இருந்து வெங்காயம் பூண்டு தொட மாட்டாக. அந்தக் குழம்பைப் பாத்ததுமே எனக்குத் தோணியிருக்கணும், ஆனா மதினியைக் கப்பல்ல யாரு நினைச்சா? வாய் பேச மாட்டாக, வேலை செய்வாக, என் பிள்ளைக ரெண்டையும் தூக்கி வளத்தது அவுகதான், நான் இல்லைங்கல. ஆனா எனக்கு எப்பவும் அவுக மேல ஒரு கண்ணு உண்டு. வெள்ளிக்கிழமை ஆனா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காயிதத்தை எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வைப்பாக. என்னைக் கண்டா மூடிருவாக. சொத்துப் பத்திரமோன்னு நினைச்சேன். தம்பிகிட்ட எழுதி வாங்கிட்டாகளோன்னு.

ஒம்பது வருசத்துக்கு முன்னால சுபாவுக்குப் பாளையங்கோட்டையில ஒரு நல்ல இடம் அமைஞ்சு, நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால தட்டிப் போச்சு. காரணமே சொல்லல அவங்க. அதுக்கு முந்தின வாரம்தான் மதினி பாளையங்கோட்டைக்குக் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்திருந்தாக. நான் ரெண்டையும் முடிச்சுப் போட்டேன். நம்ம வாழாததை இவ வாழக் கூடாதுன்னு போய்ச் சொல்லிட்டு வந்துட்டீகன்னு முகத்துக்கு நேராச் சொன்னேன். அவுக ஒத்தை வார்த்தை திருப்பிப் பேசல. பேசாம இருந்தா என்ன அர்த்தம்? குத்தம் உள்ளவதானே பேச மாட்டா? இந்த வீட்டுல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னேன். மறுநாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கல்லிடைக்குறிச்சிக்குப் போய் ஒரு வாடகை வீட்டுல இருந்துக்கிட்டாக.

அந்தப் பாளையங்கோட்டை மாப்பிள்ளை ரெண்டு மாசத்துல கூட வேலை பாத்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவனுக்கு முன்னாலயே பழக்கமாம். அது வேற விசயம்.

அன்னைக்கு ரூமுக்கு வந்ததும் இவுக கட்டில்ல உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் சொன்னாக. அந்த டிரங்குப் பெட்டிக் காயிதம் என்ன தெரியுமா? மதினி வீட்டுக்காரரை எந்த இடத்துல கடல்ல இறக்கினோம்னு அந்தக் கப்பல் கேப்டன் எழுதின காயிதம். மால்டா தாண்டி மூணு மணி நேரத் தூரம். சுபா அதைப் பாத்துட்டு, இந்தக் கப்பலும் அந்தத் தண்ணி வழியாத்தான் போகுதுன்னு கண்டுபிடிச்சிருக்கா. அத்தையை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கப்பான்னிருக்கா. மால்டாவை விட்டு மூணு மணி நேரம் கழிச்சு மதினி மேல் தளத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாகளாம். அழுவாகன்னு இவுக பயந்துக்கிட்டு நின்னிருக்காக. அழலையாம். 'தண்ணி நல்லா சுத்தமா இருக்குடா தம்பி'ன்னாகளாம். அவ்வளவுதானாம். அடுத்த நாள்தான் அந்த டால்பின் போட்டோ.

உங்கிட்டச் சொல்லியிருந்தா விட்டிருப்பியான்னு கேட்டாக. விட்டிருக்க மாட்டேன்னேன். பொய் சொல்ல எனக்கு என்ன?

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்கக் கூடாது. வேற எவளாவது ஒருத்தியா இருந்திருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், நாலு பேரு எம்பக்கம் நின்னுருப்பாங்க. இப்ப யாரு எம்பக்கம் நிப்பாங்க? சேவியர் கூட நிக்க மாட்டான்.

இதோட முடிஞ்சுதா, இல்ல. மதினி மார்ச் மாசம் கீழே விழுந்து இடுப்புல அடியாம். இருக்க வீட்டையும் சொந்தக்காரர் விக்கப் போறாராம், அடுத்த மாசம் காலி பண்ணணுமாம். நாலு மணிக்கு மேல் தளத்துல நடந்த பேச்சு அதுதான். 'அக்கா நம்ம வீட்டுக்குத்தான் வரணும், ஆவுடை. நான் கூப்பிட்டா வர மாட்டா. நீ கூப்பிட்டாத்தான் வருவா. கப்பலை விட்டு இறங்குததுக்குள்ள ஒரு முடிவைச் சொல்லு. நீ மாட்டேன்னா நான் கல்லிடைக்குறிச்சியில ஒரு வீடு பிடிச்சு அவகூட இருந்துக்கிடுதேன்'னாக. முப்பத்தாறு வருசத்துல இவுக எங்கிட்ட இவ்வளவு நீளமாப் பேசினது இல்ல. குரல் கூட நடுங்கல.

அப்புறம் ஒண்ணு சொன்னாக பாருங்க. கப்பலுக்குப் போவோம்னு இவுக கூப்பிட்டப்ப மதினி முதல்ல கேட்டது, ஆவுடை சம்மதிச்சாளான்னுதானாம். அவ சம்மதம் இல்லாம நான் வர மாட்டேன்னாகளாம். இவுக, அவதான் உன்னை அனுப்பச் சொன்னான்னு ஒரு பொய்யை விட்டிருக்காக. மதினி ஊருக்குத் திரும்பி வந்து, ஆவுடைதான் என்னை அனுப்பி வச்சா, அவ தயவுலதான் நான் அந்தத் தண்ணியைப் பாத்தேன்னு தெருப் பூராச் சொல்லியிருக்காக. போன வருசம் நெல்லையப்பர் கோயில்ல கல்லிடைக்குறிச்சிக்காரி ஒருத்தி எங்கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க மனசு யாருக்கு வரும்னா. நான் கிறுக்கி போலன்னு நினைச்சு, சங்கிலியை இழுத்துச் சேலைக்குள்ள விட்டுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில இவுக குளிக்கப் போயிருந்தாக. இவுக போன் அடிக்குது. 'ஈபி ஆபீஸ்'னு பேரு வருது. ரிட்டையர் ஆகி ஆறு வருசம் ஆச்சு, ஈபி ஆபீஸ்ல இருந்து எதுக்குக் கப்பலுக்குப் போன் பண்ணுதான்னு எடுத்தேன். 'தம்பி, இறங்கிட்டீங்களாடா?'ன்னு குரலு. ஒம்பது வருசம் கழிச்சுக் கேக்கேன். நான்தான் மதினின்னேன். 'ஆவுடை, கப்பல் பிடிச்சிருந்துச்சா உனக்கு? நீ என்னை அனுப்பினப்பவே, நீயும் ஒரு தடவை வந்து பாக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்'னாக.

ஆமா மதினி, நான்தானே அனுப்பினேன், உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுல்லான்னேன்.

'உனக்குப் பொய் சொல்ல வராது, ஆவுடை'ன்னாக.

அப்ப உங்களுக்குத் தெரியுமான்னேன். 'தம்பி சொன்ன அன்னைக்கே தெரியும். அவன் பொய் சொன்னா காதைச் சொறிவான், சின்ன வயசுல இருந்து'ங்காக. பின்னே எதுக்கு மதினி ஊர் பூரா நான் அனுப்பினேன்னு சொன்னீகன்னு கேட்டேன். 'நீ அனுப்பியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணிச்சு. சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சொல்லும்போதெல்லாம் சந்தோசமா இருந்துச்சு'ன்னாக.

காலையில இருந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நான் அவுகளை என்ன பாடு படுத்தியிருக்கேன்னு அவுகளுக்குத் தெரியும். எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்து அவுகளுக்கு என்ன ஆகப் போகுது? இதுல என்ன சூது இருக்கும்னு இந்தப் பக்கம் பாக்கேன், அந்தப் பக்கம் பாக்கேன். எவ்வளவு தேடியும் ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. தேடி ஒண்ணும் கிடைக்காம எனக்கு இப்படி ஒரு நாளும் ஆனது இல்ல.

கண்ணு ஏன் கலங்கியிருக்குன்னா கேக்கீங்க? ஒண்ணுமில்ல, இந்த ஏசி எனக்கு ஒத்துக்கிட மாட்டேங்குது.

கூப்பிட்டுட்டேன். அதே போன்லயே கூப்பிட்டுட்டேன். கீழ் ரூமைக் காலி பண்ணித் தாரேன் மதினி, படி ஏற வேண்டாம், வாங்கன்னேன். அவுக உடனே சரிங்கல. யோசிச்சுச் சொல்லுதேன்னாக. பாத்தீங்களா, என்னை நம்பல. நான் என்ன சொன்னாலும் உடனே நம்பிருவாகன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலையில மறுபடி போன் பண்ணணும். நாளை மறுநாளும் பண்ணணும். எத்தனை நாள் பண்ணினா நம்புவாகன்னு தெரியல.

அந்தா, காபியோட வாராக. கையில மூணு கப்பு. உங்களுக்கும் சேத்து வாங்கியிருக்காக பாருங்க. மதினியைக் கூப்பிட்ட விசயம் இவுகளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல. ஏழு நாளு என்னைக் கிடந்து தவிக்க விட்டாகள்லா, ஊரு போய்ச் சேருத வரைக்கும் இவுகளும் கொஞ்சம் தவிக்கட்டும். நீங்களும் சொல்லிராதீங்க.